பெண் பார்க்க வந்த இடத்தில் பெருங்காயம்

தெப்ராவ்,
வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய அக்கா கிருஷ்ணம்மாவுக்கு,

தம்பி குணாளன் கைகூப்பி எழுதுவது. ரெங்கத்தில் உங்கள் மூட்டுவலியும் அத்தானின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவீர்கள் என்பதால் கடிதம். இதில் நீங்கள் அழுதாலும் எனக்குக் கேட்காது.

என் மகள் பிரவீனாவுக்கு நீங்கள் பார்த்துக் கொடுத்த சம்பந்தம் கெட்டுவிட்டது அக்கா. கெடுத்தவன் நான்.

அவளுக்குக் கோதுமை ஆகாது என்று எட்டு மாதத்துக்கு முன் டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியும். ஏதோ வயிற்று உப்புசம் என்று நினைத்திருப்பீர்கள். அப்படியில்லை. தூசி அளவு உள்ளே போனாலும் குடல் புண்ணாகி, இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டாள். அவள் அம்மா போன பிறகு நான் சமைத்துப் போட்ட மீ கோரெங் நூடுல்ஸும் ரொட்டியும்தான் இத்தனை வருடம் பிள்ளையை அரித்திருக்கிறது என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. இப்போது வெளியில் சாப்பிடுவது எங்களுக்குப் பரீட்சை மாதிரி. கிச்சாப் சாஸில் கூட கோதுமை இருக்குமாம். போன மாதம் காலைச் சந்தையில் ஒரு மலாய்க்கார மக்சிக் அம்மாவிடம் அரிசி மாவுக் குவே பலகாரம் கிடைத்தது. பிள்ளை துள்ளினாள். வாய்க்குக் கொண்டுபோகும் நேரத்தில், மக்சிக் அதே கத்தியால் மைதாக் கேக்கை வெட்டுவதைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு மாப்பிள்ளை ரூபேந்திரனும் அவருடைய அம்மா கஸ்தூரியும் ஜோகூர் பாருவில் ஒரு வாழையிலைக் கடைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அந்த அம்மா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை என்று நீங்கள் சொன்னீர்களே தவிர, பார்த்தாலே எனக்கு வீட்டுப்பாடம் ஞாபகம் வரும் என்று சொல்லவில்லை. ரூபேந்திரனுக்குப் பிரவீனா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் அம்மாவிடம் சொல்லவில்லை. நானும், "மொத நாளே வியாதிய விரிச்சு வைக்காதம்மா" என்று காரிலேயே சொல்லிவைத்தேன்.

"மறைச்சு வெச்சு கல்யாணம் பண்ண முடியுமாப்பா?"

"மறைக்கலம்மா. கொஞ்சம் தள்ளி வைக்கிறோம். வாழையிலைச் சோறுதானே, அரிசிதானே லா."

உட்கார்ந்ததும் டீச்சரம்மா யாரையும் கேட்காமல் எல்லோருக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டார். பிரவீனா இலையில் மைதாவில் முக்கிய பஜ்ஜி வந்து விழுந்தது. எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று சொல்லி எடுத்துத் தின்றேன். கட்லெட் வந்தது. அதையும் தின்றேன். "ஒங்களுக்கு சுகர் இல்லையா சார்?" என்றார். "இருக்கு, ரத்தத்துல ஒம்பது பாயிண்ட்தான் மேடம்" என்றேன். ரூபேந்திரன் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.

பிறகு டீச்சரம்மா மைதா போட்ட ஒரு குலாப் ஜாமூனை எடுத்து, "வாயத் தெறம்மா, நம்ம வீட்டு வழக்கம்" என்று பிள்ளையின் வாய்க்கு நேரே நீட்டினார். பிரவீனா என்னைப் பார்த்தாள். "அம்மா..." என்று ரூபேந்திரன் எழுந்தார். அடுத்து என்ன நடந்தது என்று எனக்கே சரியாக விளங்கவில்லை. மேசைக்குக் குறுக்கே சாய்ந்து அந்த ஜாமூனை நான் கவ்விவிட்டேன். என் பல் டீச்சரம்மாவின் விரலில் பட்டது அக்கா. பக்கத்து மேசையில் ஒருவர் ரசம் குடிப்பதை நிறுத்தினார்.

கை கழுவுவதாகச் சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் ஓடினேன். அங்கே காளியம்மா என்ற சமையல்காரம்மா நின்றார். மனசு கேட்காமல், சாம்பாரில் என்ன போடுவீர்கள் என்று கேட்டேன். "பருப்பு, புளி, காய், பெருங்காயம். வேற என்ன போடுவாங்க?" என்று பெருங்காய டப்பாவைக் கையில் கொடுத்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பொடி எழுத்தைப் படித்தேன். தெப்போங் கண்டும். மலாயில் கோதுமை மாவு. இத்தனை வருடம் அந்தக் கண்டும்-ஐக் கண்டும் காணாமல் இருந்திருக்கிறேன்!

திரும்பி ஓடினால், பிள்ளை சாம்பார் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகிறாள். "பிரவீனா, கைய எடு!" என்று நான் போட்ட சத்தத்தில் கடையே திரும்பியது. இலையைப் பிடித்து இழுத்தேன். சாம்பார் முழுதும் டீச்சரம்மாவின் வெள்ளைப் பட்டுச் சேலையில்.

"ரெண்டு வாய் சாப்ட்டேன்பா" என்றாள் பிரவீனா, முகம் வெளுத்து. பிறகு அவளே டீச்சரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "மொதல்லயே சொல்லியிருக்கணும் ஆன்ட்டி. மன்னிச்சுக்குங்க."

டீச்சரம்மா மகனைத் திரும்பிப் பார்த்தார். "ரூபா, ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"அப்ப, இங்க எனக்கு மட்டுந்தான் தெரியாது." சேலையைக்கூடத் துடைக்காமல் எழுந்து போய்விட்டார்.

பிள்ளை இரண்டு நாள் சுருண்டு கிடந்தாள். கஞ்சி கொண்டுபோனபோது கேட்டாள். "அப்பா, நீங்க பயந்தது எனக்காகவா, சம்பந்தம் போயிரும்னா?" முப்பது வருடம் தொழிற்சாலை ஸ்டோரில் எத்தனையோ ஆபீசர்களுக்குப் பதில் சொன்னவன் நான். "ஆறிடும், குடிம்மா" என்றுதான் வந்தது.

நான்கு நாளாக அவர்களிடமிருந்து ஒரு போன் இல்லை. ஆகவே நீங்களே பேசி, என் சார்பில் மன்னிப்புக் கேட்டு, சாதகத்தைத் திருப்பி வாங்கிவிடவும். வேறு வரன் பார்ப்பதானால் முதல் வரியிலேயே கோதுமை ஆகாது என்று சொல்லிவிடவும். இனி எந்தக் கடை வாசலையும் நாங்கள் மிதிப்பதாக இல்லை.

அத்தானுக்கு என் பணிவான வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் எதையும் தின்று வாழட்டும்.

அன்புத் தம்பி,
குணாளன்

பி.கு.: தபால்தலை ஒட்டும் நேரத்தில் வாசலில் கார். டீச்சரம்மா! கையில் தட்டு நிறைய அரிசிக் குவே. என்னென்ன போட்டார் என்று சிவப்பு மையில் ஒரு பட்டியல். "எனக்குக் கோவம் கோதுமை மேல இல்ல சார், மறைச்சது மேல. ஆனா ஊட்டி விடறதுக்கு முந்தி நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றார். பிரவீனா பட்டியலை இரண்டு முறை படித்துவிட்டு நான்கு துண்டு தின்றாள். கல்யாணத் தேதி பார்க்கலாமா என்று டீச்சரம்மா கேட்டதற்கு, "ஆறு மாசம் போகட்டும் ஆன்ட்டி, மொதல்ல பழகுவோம்" என்கிறாள். அதற்கு டீச்சரம்மா சிரிக்கிறார்! ஆகையால் மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். சாதகம் அங்கேயே இருக்கட்டும். இப்போது இரண்டு பேரும் என் அடுப்படியில் ஒவ்வொரு டின்னாக எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். மேல் தட்டில் நான் எனக்கு மட்டும் ஒளித்து வைத்திருந்த கோதுமை பிஸ்கட் டின்னைத் திறந்துவிட்ட சத்தம் கேட்கிறது. "சார், கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிடுகிறார். போகிறேன்.