அடுப்படியில் முட்டிபோட்ட அரசர்

அலவந்தி நாட்டு அரசரைத் தன் வீட்டு அடுப்படியில் மூன்று மாதம் முட்டிபோட வைத்ததாக வெள்ளைத்தாயி சொல்வாள். உப்பளத்தில் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். ஓய்வுபெற்ற பள்ளிப் பரிசோதகர் திருமேனிநாதர் மட்டும், “சுத்தப் புளுகு!” என்பார்.

அந்நாட்டில் ஒரு வழக்கம். முரசறைந்த சட்டத்தை வாபஸ் வாங்கக் கூடாது. வேண்டுமானால் அதன்மேல் இன்னொரு சட்டம் போடலாம்.

உப்பளத்திலிருந்து பள்ளிக்கூடம் பதினோரு மைல். வாத்தியார் வருஷத்தில் இரண்டு நாள் வருவார். இரண்டும் விடுமுறை நாள். அதனால் வெள்ளைத்தாயி தன் ஒரே மகள் கனியமுதுக்கு வீட்டிலேயே பாடம் சொன்னாள். பதினோரு வயதில் அந்தப் பெண் அரசாங்கப் பஞ்சாங்கத்தில் நாற்பது பிழை கண்டுபிடித்து அரண்மனைக்கு எழுதிப்போட்டாள். வந்தது வினை.

அப்போது பதவியில் இருந்த திருமேனிநாதர் பல்லக்கில் வந்து இறங்கினார்.

“வீட்டில் கற்பிக்க மணி, கொடிக்கம்பம், மைதானம், ஆண் பெண் இருபாலருக்கும் தனித்தனிக் கழிவறை வேண்டும். ஒரு மாதம் கெடு. தவறினால் பெண்ணை அரசு விடுதிக்குக் கொண்டுபோவோம். மூன்று நாள் பயணம்தான்.”

“ஒத்தைப் பிள்ளைக்கு எதுக்குய்யா ரெண்டு கக்கூஸ்?”

“சட்டம் பிள்ளைகளை எண்ணாது அம்மா. கழிவறைகளைத்தான் எண்ணும்.”

வெள்ளைத்தாயி மண் சுமந்து எல்லாவற்றையும் கட்டினாள். ஆண்கள் கழிவறையில் ஆட்டைக் கட்டினாள். பரிசோதகர் பெருமூச்சோடு அங்கீகார முத்திரை குத்தினார்.

அடுத்த முரசு: பள்ளி நிறைவுச் சான்று இல்லாதவர் கற்பிக்கக் கூடாது, எத்தனை வயதானாலும் பள்ளியை விட்டு நிற்கவும் கூடாது. வெள்ளைத்தாயி ஒன்பது வயதில் நின்றவள். கனியமுது சும்மா இருப்பாளா? ஒரே மூச்சில் தேர்வெழுதிச் சான்று வாங்கிவிட்டாள்.

“இப்ப இவதான் டீச்சர், நான்தான் பிள்ளை. டீச்சரை விடுதிக்கு இழுத்துட்டுப் போகச் சட்டத்துல இடமிருக்காய்யா?”

இல்லை.

வீட்டுப் பள்ளிக்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி என்று ஊர் முணுமுணுத்தது. அமைச்சருக்கு ரோஷம் வந்துவிட்டது. “சட்டத்தின் முன் எல்லாப் பள்ளிகளும் சமம்!” என்று முரசறைந்தார். மறுநாள் காலை கழிவறை இல்லாத நாலாயிரத்து முந்நூறு அரசுப் பள்ளிகளும் மூடப்பட்டன. நாட்டில் அங்கீகாரம் உள்ள பள்ளி ஒன்றே ஒன்று: வெள்ளைத்தாயியின் அடுப்படி. பிள்ளைகளின் வரிசை தலைநகர்வரை நீண்டது.

அரசர் ஏழு வயதில் முடிசூடியவர், சான்று கிடையாது. அவரும் வந்தார். யானையை மைதானத்தில் கட்டினார்கள்.

“ஏழெட்டு எவ்வளவு, மகாராஜா?”

“ஐம்பத்துநாலு.”

“முட்டிபோடுங்க,” என்றாள் கனியமுது.

மூன்று மாதமும் அதே விடை. கடைசியில் அமைச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார்: அரசர் எழுதுவதே சரியான விடை. அரசர் முதல் மதிப்பெண்ணோடு வெளியேறினார். அன்றிலிருந்து அலவந்தியில் ஏழெட்டு ஐம்பத்துநாலு. தச்சர்கள் கட்டிய வீடுகளெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தன. வெள்ளைத்தாயி மட்டும் ஐம்பத்தாறு என்றே எழுதி வருஷாவருஷம் தோற்கிறாள். பள்ளியை விட்டு, அதாவது மகளை விட்டு, யாரும் அவளைப் பிரிக்க முடியாது.

“புளுகு! நீயே கட்டின கதை!” என்று திருமேனிநாதர் போன வாரமும் கத்தினார்.

“சரிங்கய்யா. ராசாவுக்கு அந்த ஐம்பத்துநாலு எங்கேருந்து வந்துச்சு?”

பரிசோதகர் அக்கம்பக்கம் பார்த்தார். குரல் இறங்கியது.

“எனக்கும்தான் சான்று இல்லையே, தாயி. அரசருக்குப் பக்கத்திலேதானே என்னையும் உட்காரவைத்தீர்கள். என் பலகையைப் பார்த்துத்தான் எழுதினார்.”