வெள்ளிக்கிழமைத் தாள்

"வெள்ளிக்கிழமை எழுதின பிள்ளைங்க மட்டும் என்ன பாவம் பண்ணாங்க, லோர்னா?" என்று கேட்டார் துறைத் தலைவர் ஃப்ரீசன்.

லோர்னா பெனர் ஜன்னல் பக்கம் பார்த்தாள். கனடாவின் வின்னிபெக் நகரத்துப் பனி எந்த அவசரமும் இல்லாமல் விழுந்துகொண்டிருந்தது.

அவள் கல்லூரியில் புள்ளியியல் ஆசிரியை. தேர்வு வாரத்தில் மாணவர்கள் தங்களுக்கு வசதியான நாளை முன்பதிவு செய்து எழுதலாம் என்ற திட்டம் அவளுடையது. கேள்விகள் வெளியே போய்விடாதிருக்க நாளுக்கு ஒரு தாள். ஐந்து தாள்களும் ஒரே அளவு கடினமாக இருக்க வேண்டும். முதல் தேர்விலேயே வெள்ளிக்கிழமை சராசரி சறுக்கிவிட்டது.

"அந்தத் தாள் கஷ்டம்னு புகார் வருது. மூணாவது தேர்வுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா பழையபடி எல்லாருக்கும் ஒரே நாள்தான். உங்க வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி நானும் எழுத முடியாது."

சரி செய்தாள். அடுத்த வெள்ளிக்கிழமைத் தாளில் சிக்கலான கேள்விகளை எடுத்துவிட்டு, சாதுவான கேள்விகளை வைத்தாள்.

சராசரி இன்னும் இறங்கியது.

மூன்றாவது தேர்வுக்கு முன் அவள் கணவன் ட்வைட்டைப் பிடித்தாள். அவன் பனி அள்ளும் வண்டி ஓட்டுபவன். கொழுக்கட்டை போன்ற பெரோகி இருந்த தட்டை நகர்த்திவிட்டு ஐந்து தாள்களையும் அவன் முன்னால் வைத்தாள்.

"சாப்பிட விடேன்டி!"

"பாஸாகிட்டுச் சாப்பிடு."

பெரோகி ஆறிப்போனது. நான்கு தாள்களில் ட்வைட் தேறவில்லை. வெள்ளிக்கிழமைத் தாளில் மட்டும் தேறினான்.

"என்னைவிட மக்கு யாராச்சும் உன் வகுப்புல இருக்காங்களா?"

"வாய்ப்பே இல்ல," என்றாள் லோர்னா, நிம்மதியாக.

மூன்றாவது தேர்வில் வெள்ளிக்கிழமைக்காரர்களில் பாதிப் பேர் தேறவில்லை.

ஃப்ரீசன் திட்டவில்லை. "திட்டத்தை வாபஸ் வாங்குறேன்னு நீங்களே ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க," என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். அது இன்னும் வலித்தது.

அறைக்குத் திரும்பி முதல் வரியைத் தொடங்கியபோது, கடைசி வரிசை மாணவன் டானர் கதவிடுக்கில் தலையை நீட்டினான்.

"புரொஃபசர், ஒரு சின்ன உதவி."

"மார்க் போடச் சொல்லாதே, டானர்."

"அய்யோ, அதில்ல. வியாழக்கிழமைத் தாளையும் இதே மாதிரி ஈஸியா போடுங்களேன். படிக்காதவங்க எல்லாரும் வெள்ளிக்கிழமையே புக் பண்றோமா, எங்களுக்கு இடமே கிடைக்க மாட்டேங்குது."