மனைவிக்குப் பின்னால் நானூற்று எழுபத்தைந்து நாள்

இனி என் ஆயுளில் பனி அள்ளும் ஷவலைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

நிரந்தரக் குடியிருப்பு அட்டையோடு மொன்றியலில் வந்து இறங்கி ஆறு வாரம் ஆகியிருந்தது. அன்று காலை ஒரு மணி நேரம் பனியைத் தோண்டி என் காரை வெளியே எடுத்தேன். மேல்மாடி ஜன்னலைத் திறந்து மதாம் ஸோஸி நன்றி சொன்னபோதுதான் தெரிந்தது, அது அவருடைய கார். என்னுடையது அடுத்த குவியலுக்குள் இருந்தது.

நான் சைதா என்ற அரபுத் துறைமுக ஊரின் கடற்காற்றில் வளர்ந்தவன். குளிர்சாதன இன்ஜினியர். சூடான ஊரில் குளிரை உண்டாக்கினால் சம்பளம் தருகிறார்கள். குளிரான ஊரில் அதே குளிரை நாமே சும்மா அள்ளிப் போட வேண்டியிருக்கிறது. இந்த அநியாயத்தை யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் தோஹாவிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெரிய ஹோட்டலைக் குளிர வைக்கும் வேலை. கண்ணை மூடினால் பேரீச்சை நிழல், வெதுவெதுப்பான கடல், கடலில் கால் நனைத்தபடி நான்.

என் மனைவி ஹியாமும் கனவில்தான் இருந்தாள். ஆனால் அவள் கனவில் பனி பெய்தது. சைதா துறைமுகத்தில் மீன்களைச் சோதித்தவள், இங்கே ஒரு உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மாலையில் ஜன்னலோரம் காபியோடு உட்கார்ந்து, விழும் பனியைத் தனக்கு வந்த கடிதம் போலப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சிக்கல் அட்டையில் இருந்தது. ஐந்து வருடத்தில் எழுநூற்று முப்பது நாள் கனடாவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அட்டை போய்விடும். வழி கேட்க மதாம் ஸோஸியிடம் போனேன். குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் இருபத்திரண்டு வருடம் செயலாளராக இருந்த அர்மீனியப் பெண்மணி.

"ஒரு வழி இருக்கு, இன்ஜினியரே. குடியுரிமை வாங்கின மனைவியோட வெளிநாட்டில சேர்ந்து குடியிருந்தா, அந்த நாளெல்லாம் இங்க இருந்த நாளாத்தான் கணக்கு."

அன்று நான் தரையில் நடக்கவில்லை. ஹியாம் இங்கேயே நடுங்கட்டும். நான் தோஹாவில் காய்ந்துகொண்டு, கோடைக்குக் கோடை வந்து எட்டிப் பார்ப்பேன். மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் அவளுக்குக் குடியுரிமை. பிறகு அவள் தோஹாவுக்கு வருவாள். பேரீச்சை நிழலில் அவள் பக்கத்தில் படுத்துக் கிடந்தபடியே என் நாட்கள் நிரம்பும்.

"ஹியாம், நம்ம எதிர்காலத்துக்காக நான் ஒரு தியாகம் பண்ணப் போறேன்."

"எந்த ஊர்ல?"

"தோஹாவில."

"சரி, போயிட்டு வா."

"அழ மாட்டியா?"

"அழணுமா? இரு, பாத்திரம் கழுவிட்டு வந்து அழறேன்."

"உனக்குக் குடியுரிமை வந்ததும் நாம வெளிநாட்டில ஒண்ணா இருக்கணும். அப்பதான் என் அட்டை பிழைக்கும்."

"இருப்போம். சத்தியம்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாளே என்று எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மதாம் ஸோஸி என் காபிக் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் படிந்த வண்டலைப் படித்தார்.

"நீளமா ஒரு வழி போகுது. முடிவில வெள்ளையா என்னவோ இருக்கு."

"அது ஹோட்டல். வெள்ளைக் கட்டடம்," என்றேன்.

வசந்தத்தில் தோஹா போனேன். குளிரூட்டும் இயந்திரங்கள் நிலவறையில் இருந்தன. கோடை லீவு போக, மூன்று வருடமும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். சூரியனை அனேகமாக ஹோட்டல் விளம்பரத்தாளில்தான் பார்த்தேன். போனில் ஹியாம் வருவாள், தோளுக்குப் பின்னால் பனி விழும். அவள் சத்தமில்லாமல் சிரிப்பாள். பேசி முடித்த பிறகு அறை இன்னும் குளிர்ந்துவிடும். அவளுக்காகப் பால்கனியில் இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டேன். ஒன்றில் மட்டும் தூசி படியாமல் பார்த்துக்கொண்டேன்.

நாலாவது செப்டம்பரில் அவளுக்குப் பாஸ்போர்ட் வந்தது. என் கணக்கில் இருநூற்று ஐம்பத்தைந்து நாள் இருந்தது. இன்னும் நானூற்று எழுபத்தைந்து வேண்டும். ஐந்து வருடம் முடிய நானூற்று எண்பத்தைந்து நாளே பாக்கி. தாமதிக்கப் பத்து நாள்தான் இடம்.

"எப்ப கிளம்புற?"

"வியாழக்கிழமை."

"நான் ஏர்போர்ட்டுக்கு வந்துடறேன்."

"வா. நீ வர்றதுக்குள்ள நானே வீட்டுக்குப் போயிடுவேன். த்ரோம்ஸோ சின்ன ஊர்தான்."

"எது?"

"நார்வேயில வடக்கு ஓரம். மீன் பரிசோதனைக் கூடத்தில ரெண்டு வருஷ வேலை கிடைச்சிருக்கு."

"அங்க குளிருமே."

"அதெல்லாம் பழகிடும். ரெண்டு மாசம் சூரியன் வராது, அவ்வளவுதான்."

"எனக்கு அங்க அனுமதி வேணாமா?"

"வாங்கியாச்சு. இந்தக் கோடையில இங்க வந்தப்ப கண்ணாடி போடாம நிறையத் தாள்ல கையெழுத்துப் போட்டியே, ஞாபகம் இருக்கா?"

"அது வாடகைத் தாள்னு சொன்ன."

"அதுவும் இருந்தது. மொன்றியல் வீட்டை விட்டாச்சு."

மதாம் ஸோஸிக்குப் போன் போட்டேன்.

"மதாம், அவ தோஹாவுக்கு வந்து என்னோட இருந்தாலும் கணக்கில சேரும்தானே?"

"சேரலாம். ஆனா சில அதிகாரிங்க, யார் பின்னாடி யார் போனதுன்னு நோண்டுவாங்க. நீங்க அவ பின்னாடி போனா ஒருத்தரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேட்கலையே. ஹியாம் கேட்டா."

"எப்ப?"

"நீங்க தோஹா போன மறுநாள் காலையில. பிஸ்தா போட்ட மஅமூல் பலகாரம் கொண்டு வந்தா."

வேலையை விட்டேன். இரண்டு நாற்காலியையும் காவலாளிக்குக் கொடுத்தேன். ஒன்பதாவது நாள் த்ரோம்ஸோவில் இறங்கினேன். வானத்தில் பச்சைத் துணி ஒன்றை யாரோ மெதுவாக உதறிக் காயப்போடுவது போல வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. அதன் கீழே சிவப்புக் குல்லாயோடு அவள்.

"ஒரு சூடான ஊர்லகூடவா வேலை கிடைக்கல?"

"தேடவே இல்லையே."

அவள் கையுறையைக் கழற்றிவிட்டு என் கன்னத்தைத் தொட்டாள்.

"மூணு வருஷமா போன்ல உன் முகம் தபால்தலை அளவுக்குத்தான் இருந்தது. இப்ப முழுசா இருக்கு," என்றாள்.

விமானத்தில் சேர்த்து வைத்திருந்த கேள்விகள் எல்லாம் மறந்துபோயின. உலகத்திலேயே கதகதப்பான ஊருக்கு வந்துவிட்டதாகக்கூட ஒரு நிமிடம் தோன்றியது.

சேர்ந்து வாழ்வதற்குச் சாட்சி வைத்திருக்க வேண்டும் என்று மதாம் ஸோஸி சொல்லியனுப்பியிருந்தார். அதனால் ஹியாம் தினமும் காலையில் வாசலில் நிற்கவைத்து, தேதியோடு என்னைப் படம் எடுக்கிறாள். இன்றோடு நூற்றுப் பன்னிரண்டு படங்கள். முதல் முப்பதில் நான் சும்மா நிற்கிறேன்.

மிச்சம் எல்லாவற்றிலும் என் கையில் ஷவல் இருக்கிறது.