தாய்மாமன் முதுகும் எலாஸ்டிக் பாயும்

திருப்பூரில் பனியன் போடாத ஆள்கூட இருக்கலாம். எலாஸ்டிக் பாயிடம் "முதுகை நிமிர்த்துங்க" என்று திட்டு வாங்காத ஆள் இருக்க முடியாது. கலெக்டரே அந்த வழியாக நடந்து போயிருந்தாலும் தோளில் ரெண்டு தட்டுத் தட்டித்தான் அனுப்பியிருப்பார்.

நான் வேலை பார்க்கும் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு எதிர்க்கடை அவருடையது. ஜட்டிக்கும் டிராக் பேண்ட்டுக்கும் இடுப்பில் வைக்கிற எலாஸ்டிக்கை ரோல் ரோலாக விற்பார். ஒருமுறை மூட்டை தூக்கித் தோள் பிடித்துக்கொள்ள, கோயமுத்தூரில் ஒரு பிசியோதெரபி டாக்டரம்மா அவருக்கு பிலாட்டீஸ் என்கிற உடற்பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். தோள் சரியாகிவிட்டது. பாய்தான் அதற்கப்புறம் சரியாகவேயில்லை.

டீக்கடை மாஸ்டரிடம் போய், "கையில ஆத்தாதீங்க மாஸ்டர், அடிவயித்துல பலத்தை வெச்சு ஆத்துங்க" என்றார். மாஸ்டரும் நம்பி வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஆற்றியதில், பாதி டீ என் சட்டையில் ஆறியது. இழவு வீட்டுக்குப் போனாலும் விடமாட்டார். அழுகிறவர் பக்கத்தில் போய் மெதுவாக, "அழுவுங்க, நல்லா அழுவுங்க. தோளை மட்டும் கீழ எறக்கி வுட்டுட்டு அழுவுங்க" என்பார். பாய் என்பதால் அவருக்கு இந்தி தெரியும் என்று எங்கள் கம்பெனியில் வேலை செய்யும் பீகார் பையன்கள் நம்பினார்கள். அவருக்குத் தெரிந்த இந்தி மொத்தமே 'சாஸ் லோ, சாஸ் சோடோ'தான். மூச்சை இழு, மூச்சை விடு. அதை வைத்தே அயர்னிங் செக்‌ஷன் முழுவதையும் நிமிர்த்திவிட்டார்.

"யாருங்க பாய் இதைக் கண்டுபிடிச்ச புண்ணியவான்?" என்று ஒருநாள் வாயைக் கொடுத்தேன்.

"ஜெர்மனிக்காரருங்க தம்பி. சின்னப் பிள்ளையில இழுப்பு, எலும்புல வலு இல்லை, நோஞ்சான். மொத உலகப் போர்ல இங்கிலீஷ்காரன் புடிச்சு முகாம்ல அடைச்சுப்போட்டான். சும்மா இருப்பாருங்களா? படுத்த படுக்கையா கெடந்தவங்க கட்டில்ல ஸ்பிரிங்கைக் கட்டி, படுத்தவாக்குலயே கை காலை இழுக்க வெச்சாருன்னு சொல்றாங்க. நடக்க முடியாதவன், வயசாளி, ஆட்டக்காரன் எல்லாத்துக்கும் ஒரே வித்தை, அளவு மட்டும் வேற. அவரு மட்டும் திருப்பூர்ல பொறந்திருந்தா ஸ்பிரிங்கைத் தேடியிருப்பாருங்களா? என்ற கடைக்குத்தான் வந்திருப்பாரு!"

இதையெல்லாம் நான் வேடிக்கையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், தும்முகிற வரைக்கும். சாம்பிள் டீ-ஷர்ட் பெட்டியைத் தூக்கும்போது ஒரு தும்மல், அவ்வளவுதான், முதுகு பிடித்துக்கொண்டது. அதுவும் எப்போது? தங்கச்சி மகள் யாழினிக்குக் காதுகுத்து வைத்திருந்த நேரத்தில். தாய்மாமன் தரையில் சம்மணம் போட்டு, மடியில் குழந்தையை உட்காரவைத்தால்தான் எங்கள் பக்கம் காது குத்துவார்கள். கூடப்பிறந்த ஒரே தாய்மாமன் நான். எனக்கோ செருப்புப் போடவே ஆள் வேண்டியிருந்தது.

சேதி கேட்டுப் பெரியப்பா மகன் சுந்தரம் பார்க்க வந்தான். ஜிம்முக்குப் போகிறவன். "நீ ஒண்ணும் கவலைப்படாதேண்ணா, நான் உக்காந்துக்கறேன்" என்று என் கண் முன்னாலேயே தரையில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்து காட்டினான். எனக்கு வந்த ஆத்திரத்தில் முதுகுவலியே ஒரு நிமிஷம் மறந்துபோனது. தங்கச்சி போனில் அழுதாள். "உங்க மடி இல்லீன்னா என்ற பிள்ளைக்குக் காதே குத்த வேண்டாமுங்கண்ணா."

டாக்டர் ஆபரேஷன் எல்லாம் வேண்டாம், மெதுவாக உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார். வேறு வழி? எலாஸ்டிக் பாய் கடையில் சரணடைந்தேன்.

அகல எலாஸ்டிக்கைப் பாதத்தில் மாட்டி, கோரைப்பாயில் படுக்கவைத்து இழுக்கச் சொன்னார். நான் வேகவேகமாக இழுத்தேன். "ஏனுங்க தம்பி, இதென்ன ஷிப்மெண்ட்டா, அவசரமா முடிச்சு அனுப்பறதுக்கு? மூச்சை வுட்டுட்டே, தொப்புளை உள்ள வாங்கி, மனசை இதுலயே வெச்சு இழுங்க. அறுக்கப்படாது, வெடுக்குனு இழுக்கப்படாது. தப்பா நூறு இழுக்கறதுக்கு ஒழுங்கா நாலு போதும்." சரக்கு எடுக்க வந்தவர்கள் எல்லாம் என்னைத் தாண்டித்தான் போனார்கள். ஒருவர், இது புது டிசைனா என்று கேட்டுவிட்டுப் போனார்.

போகப்போக நடக்க முடிந்தது, குனிய முடிந்தது. சம்மணம் மட்டும் வரவில்லை. வம்படியாக மடக்கிப் பார்த்தேன். பாய் முதன்முறையாகக் கோபப்பட்டார். "ஆளுக்குத் தகுந்த மாதிரி பேட்டர்ன் வெட்டோணுமுங்க. பேட்டர்னுக்குத் தகுந்த மாதிரி ஆளை வெட்டுவாங்களா?"

காதுகுத்து அன்று குன்னத்தூர் மண்டபத்தில் நல்ல கூட்டம். ஆசாரி ஊசியோடு தயார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு யாழினி முழித்துக்கொண்டிருந்தாள். நான் உட்காரப் போனேன். பாதி வழியில் இடுப்பு நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. சுந்தரம் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். தங்கச்சி முகத்தைப் பார்க்க முடியாமல் நான் கூரையைப் பார்த்தேன்.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு எலாஸ்டிக் பாய் வந்தார், தலையில் ஒரு மூட்டையோடு. வேறென்ன, எலாஸ்டிக்தான். அதை எனக்குக் கீழே தள்ளி, "உக்காருங்க" என்றார்.

"அதெப்படி? தரையிலதான் உக்காரோணும், அதான் மொறை" என்று பெரியப்பா சத்தம் போட்டார்.

"ஏனுங்க சாமி, பிள்ளைக்கு மடி வேணுமா, தரை வேணுமா? தரை எங்க போனாலும் கெடைக்குமுங்க. தாய்மாமன் ஒருத்தருதானுங்களே!"

மூட்டுவலிக்காரரான பெரியப்பாவே பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்துகொண்டுதான் முறை பேசினார்.

நான் மூட்டை மேல் உட்கார்ந்தேன். யாழினி மடிக்கு வந்தாள். பாரம் ஏறியதும் முதுகு நடுங்க ஆரம்பித்தது. பாய் எனக்குப் பின்னால் உட்கார்ந்து, தன் முதுகை என் முதுகோடு ஒட்டவைத்து முட்டுக்கொடுத்தார். "மாமனும் மருமகளும் மூச்சை வுடுங்க பார்க்கலாம்… ஊஊஊ…" ஆசாரி உட்பட மண்டபமே மூச்சை விட்டது. அந்த நேரத்தில் ஊசி உள்ளே போய் வந்துவிட்டது. மூச்சு முடிந்த பிறகுதான் யாழினிக்கு அழவேண்டும் என்றே தோன்றியது. அப்புறம் அவள் போட்ட சத்தம் ஊத்துக்குளிக்கே கேட்டிருக்கும்.

தாய்மாமனுக்கு மரியாதை செய்யும்போது தங்கச்சி எனக்குச் சந்தனம் வைத்துத் துண்டு போட்டாள். பிறகு இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு நேராகப் பாயிடம் போனாள். "எங்கண்ணனுக்கு முதுகா உக்காந்தீங்க. நீங்களும் என்ற பிள்ளைக்கு மாமன்தானுங்க." ஊரையே நிமிரச் சொன்ன மனுஷன், துண்டை வாங்கிக்கொள்ள முதுகை வளைத்துக் குனிந்தார்.

இப்போது யாழினி பள்ளிக்கூடம் போகிறாள். லீவுக்குத் திருப்பூர் வந்தால் எங்கள் கம்பெனித் தெருமுனையில் இறங்கி "மாமா!" என்று ஒரு குரல் கொடுப்பாள். நான் ஆபீஸ் படியிலிருந்தும், அவர் கடையிலிருந்தும் ஒன்றாகத்தான் எட்டிப்பார்ப்போம். முதலில் ஓடிப்போய்த் தூக்குகிறவர் அவர்தான். அன்றைக்கு இந்த மாமன் இடத்தை இன்னொருவன் எடுத்துக்கொள்வானோ என்று வெந்துபோனவன் நான். இப்போது அவர் ஓடட்டும் என்றே நான் மெதுவாக இறங்குகிறேன்.