படித்துறை மண்டபத்துக்கு அடித்த கிரேக்க யோகம்

தாமிரபரணிக் கரையில் கீழப்படுகை என்று ஓர் ஊர். அந்த ஊர்ப் படித்துறையில் பதினாறு கால் மண்டபம் ஒன்று உண்டு. பெண்கள் குளித்துவிட்டுச் சேலை மாற்றுவது அங்கேதான். ஆண்கள் வெயிலுக்குத் துண்டை விரித்துப் படுப்பதும், மழை வந்தால் ஆடு மாடு உட்பட ஊரே ஒதுங்குவதும் அங்கேதான். மண்டபத்தின் கூரை ஒழுகியது, ஒரு தூண் லேசாகச் சாய்ந்திருந்தது. ஒரு கொத்தனாரும் ரெண்டு சித்தாளும் ஒரு வாரம் வேலை செய்தால் முடிந்துபோகிற காரியம். அதனாலேயே அது பத்துப் பன்னிரண்டு வருஷமாக முடியவில்லை. பெரிய காரியமாக இருந்திருந்தால் என்றைக்கோ அடிக்கல்லாவது நாட்டியிருப்பார்கள்.

இதைக் கவனிக்க வேண்டியது பழங்கால நீர்க்கரைக் கட்டடப் பராமரிப்புத் துறை. அதில் கண்காணிப்பாளராக இருந்த அருணாசலம் அதே கீழப்படுகைக்காரர். இது அவருக்குப் பெருமையாக இருந்ததைவிடத் தலைவலியாக இருந்ததே அதிகம். கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் போதும், படித்துறை ஓரம் டீக்கடை வைத்திருந்த முகம்மது மைதீன் ஆரம்பித்துவிடுவார்.

"வாங்க அண்ணாச்சி. மண்டபத்துக்கு ஆபீசரு நம்ம ஊர்க்காரருன்னு வெளியூர்ல சொல்லுதோம். அப்ப ஏன்வே ஒழுகுதுன்னு கேக்கான். என்ன பதில் சொல்லட்டும்?"

ஒரு தடவை கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற மனைவி பிரம்மநாயகியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டது அருணாசலத்தின் கண்ணில் பட்டது. அந்தக் கோபத்தில் ஊர் கேட்கச் சொல்லிவிட்டார்: "மண்டப வேலைக்கு உத்தரவு வாங்காம இனி இந்த ஊர் மண்ண மிதிக்க மாட்டேன்!"

சொல்லிவிட்டாரே தவிர, உத்தரவு போட வேண்டிய இயக்குநர் தேவசிகாமணியைப் பார்ப்பது குதிரைக்கொம்பு. அவர் இருந்தால் கூட்டத்தில் இருப்பார், கூட்டம் இல்லாவிட்டால் இருக்க மாட்டார். மேலும், கண்காணிப்பாளர் எதைச் சொல்வதானாலும் இணை இயக்குநர் கணேஷ்ராம் மூலமாக, முறையான வழியில்தான் சொல்ல வேண்டும். கணேஷ்ராமோ காதில் வாங்கியதை வாய்க்குக் கொண்டுவராத உத்தமர்.

அது தொண்ணூற்றாறாம் வருஷம். உலகமயம் என்கிற சொல் சென்னையிலிருந்து புறப்பட்டு அப்போதுதான் நெல்லைக்கு வந்து சேர்ந்திருந்தது. முட்டைக்கோஸ் வளர்ப்பைப் பார்க்க ஒரு துறை ஹாலந்துக்குப் போனது. சாக்கடையைப் பார்க்க இன்னொரு துறை பாரிசுக்குப் போனது. தேவசிகாமணி மட்டும் களக்காட்டையும் மணிமுத்தாற்றையும் தாண்டாமல் இருந்தார். அது துறைக்கே அவமானம் என்று அவருக்குப் பட்டது.

எனவே பின்வருமாறு முடிவு செய்யப்பட்டது. பழைய கட்டடத்தைப் பழுது பார்க்குமுன், உலகத்திலேயே பழைய கட்டடங்கள் உள்ள இடத்தில் எப்படிப் பழுது பார்க்கிறார்கள் என்று அறிவது அவசியம். அப்படிப்பட்ட இடம் கிரேக்கம். துறையின் பெயரில் நீர்க்கரை என்று இருப்பதால் கட்டடங்களைத் தரை வழியாகப் போய்ப் பார்ப்பது விதிக்குப் பொருந்தாது, தண்ணீரிலிருந்துதான் பார்க்க வேண்டும். அதிலும் காற்றுக்கு விலை கிடையாது என்பதால் சிக்கனம் கருதிப் பாய்மரப் படகு. கால அளவு ஒரு வாரம். செலவு, கீழப்படுகை மண்டபத்துக்கு ஒதுக்கிய தொகையிலிருந்து.

போகிறவர்கள் இயக்குநர், இணை இயக்குநர், அப்புறம் அருணாசலம். ஆய்வுப் பயணம் என்றால் ஆய்வு செய்யவும் ஒரு ஆள் வேண்டுமே.

அருணாசலத்துக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். "ஆபீசுல பிடிக்க முடியாத மனுசன நடுக்கடல்ல பிடிச்சுருதேன் பாரு. எங்கன ஓடுவாரு?" என்று பிரம்மநாயகியிடம் சொன்னார். அவள் நார்த்தங்காய் ஊறுகாயையும் இட்லிப் பொடியையும் பொட்டலம் கட்டிக் கொடுத்து, "பைய போய்ட்டு வாங்க. உத்தரவோட வாங்க," என்றாள்.

ஏதென்ஸ் பக்கத்தில் ஒரு துறைமுகத்தில் படகு காத்திருந்தது. அதை ஓட்டுகிறவர் நிக்கோஸ் என்கிற கிரேக்கர். அரைகுறை ஆங்கிலமும் முழு மீசையும் உடையவர். ஏறியதும் கணேஷ்ராம் பதவி வரிசைப்படி இருக்கை ஒதுக்கினார். வலப்பக்கத்து மெத்தை இயக்குநருக்கு. அதற்கு அடுத்தது தனக்கு. படகின் வால் முனையில் கயிறு சுருட்டி வைத்திருந்த இடம் அருணாசலத்துக்கு. இரண்டு எட்டு வைத்தால் இயக்குநரைத் தொட்டுவிடலாம். ஆனால் நடுவில் முறையான வழி உட்கார்ந்திருந்தது.

படகு கரையை விட்டு நகர்ந்ததும் முறையான வழி வாந்தி எடுக்க ஆரம்பித்தது.

"ஐயா, அந்த மண்டப விஷயம் இயக்குநர் ஐயா காதுல…" என்று அருணாசலம் தொடங்குவார். கணேஷ்ராம் 'பொறும்' என்று கையைக் காட்டிவிட்டுக் கடல் பக்கம் குனிவார். நார்த்தங்காயை நீட்டினால் வாங்கிக்கொள்வார். விஷயத்தை வாங்கிக்கொள்ள மாட்டார்.

மறுநாள் வடக்கேயிருந்து நல்ல காற்று அடித்தது. பாய் புடைத்துக்கொண்டு படகு வலப்பக்கமாகச் சாய்ந்தது. எல்லோரும் உயர்ந்திருக்கிற இடப்பக்கத்துக்கு வாருங்கள் என்று நிக்கோஸ் கத்தினார். அருணாசலம் உயிர்ப்பயத்தில் தாவி ஏறிவிட்டார். ஏறிய பிறகுதான் விபரீதம் புரிந்தது. இயக்குநர் கீழே, கண்காணிப்பாளர் மேலே!

"என்னவே அருணாசலம், தலைக்கு மேல உக்காந்திருக்கீரு?" என்றார் தேவசிகாமணி.

"மன்னிக்கணும் ஐயா," என்று அருணாசலம் சறுக்கிக் கீழே வந்தார். படகு இன்னும் சாய்ந்தது. நிக்கோஸ் தலையில் அடித்துக்கொண்டார். ஒருவழியாக இயக்குநரை இடப்பக்கத்துக்கு ஏற்றி, மெத்தையையும் பின்னாலேயே ஏற்றினார்கள். அவர் மூச்சு வாங்கி உட்கார்ந்த வேளையில் படகு திசை திரும்பியது. இப்போது இடப்பக்கம் கீழே போய்விட்டது.

தேவசிகாமணிக்குக் கோபம் வந்தது. நான் இருக்கிற பக்கம் எப்போதும் உயர்ந்தே இருக்கும்படி படகை ஓட்ட வேண்டும் என்று வாய்மொழி உத்தரவு பிறப்பித்தார்.

"அப்படியானால் திரும்பவே முடியாது. நேரே துருக்கிக்குத்தான் போக வேண்டும்," என்றார் நிக்கோஸ்.

"துருக்கிக்கு நமக்கு அனுமதி இருக்காவே?"

"இல்ல ஐயா," என்றார் அருணாசலம்.

அதனால் பாய்கள் இறக்கப்பட்டன. மீதி நாளெல்லாம் பாய்மரப் பயணம் டீசல் எஞ்சினில் நடந்தது. இயக்குநரின் இருக்கை சமமாக நின்றது. எஞ்சின் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. நடுக்கடலில் பிடிக்கலாம் என்ற அருணாசலத்தின் திட்டமும் அதோடு கடலில் போயிற்று.

டீலோஸ் தீவைப் பார்த்தார்கள். தீவு முழுக்க உடைந்த தூண்கள், தலையில்லாத சிலைகள், முகம் தேய்ந்த சிங்கங்கள். அதைப் பார்க்க டிக்கெட் எடுத்துக்கொண்டு வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். இயக்குநரின் முகம் யோசிக்கிற முகமாகிவிட்டது. துறையில் அது யாரும் கண்டிராத காட்சி.

கடைசியாக நாக்ஸோஸ் தீவு. கணேஷ்ராம் எழுந்திருக்க முடியாமல் படகிலேயே கிடந்தார். முறையான வழி அடைபட்டுவிட்டதால் அருணாசலம் முதல்முறையாக இயக்குநரோடு தனியாக நடந்தார். கரையோரக் குன்றில் ஒரே ஒரு கல் வாசல் வானத்தைப் பார்த்து நின்றது. சுவர் இல்லை, கூரை இல்லை. கோயில் கட்ட ஆரம்பித்து, இரண்டாயிரத்தைந்நூறு வருஷமாக முடிக்கவே இல்லையாம்.

"முடிக்கவே இல்லையா?" தேவசிகாமணியின் குரல் தழுதழுத்தது. "இத்தனை வருஷத்துல ஆடிட்காரன் ஒருத்தன்கூட கேக்கலியா? நாடுன்னா இதுல்லாவே நாடு!"

இதைவிட்டால் வேளை வாய்க்காது என்று அருணாசலம் கையைக் கட்டிக்கொண்டு சொல்லிவிட்டார். "ஐயா, எங்க ஊர்ப் படித்துறை மண்டபம். மழை பெஞ்சா ஒழுகுது. பொம்பளையாளுக சேலை மாத்த வேற மறைப்பு கிடையாது. ஐயா மனசு வைக்கணும்."

"தூணு எத்தன?"

"பதினாறு ஐயா. ஒண்ணு மட்டும் சாஞ்சிருக்கு."

"மிச்சம் பதினஞ்சும் நிக்குதா? கூரையும் இருக்கா?"

"இருக்கு ஐயா."

"அதான்வே குறை!" என்று இயக்குநர் கல் வாசலைக் காட்டினார். "இடிஞ்சாத்தான் சரித்திரம். இடியாட்டா வெறும் கட்டடம். முழுசா நிக்கிற மண்டபத்தப் பாக்க எவன் டிக்கெட் எடுப்பான்? ஒம்ம ஊருக்கு நான் உத்தரவு போடுதேன். வாசகத்த நீரே எழுதிரும்."

'ஐயா, இது அநியாயம்' என்று சொல்ல அருணாசலத்துக்கு வாய் வரை வந்தது. ஆனால் உத்தரவு என்று ஒரு சொல் காதில் விழுந்துவிட்டதே! அதில்லாமல் ஊர் மண்ணை மிதிக்க முடியாதே! பேனா எடுத்தார். "மேற்படி மண்டபம் முழுமையாக நிற்பது அதன் தொன்மைக்குப் பெரும் இடையூறாக இருப்பதால், மேற்படி இடையூறு உரிய கலைநயத்துடன் அகற்றப்படலாம்" என்று எழுதினார். இருபது வருஷ சர்வீஸ். கை தானாக எழுதியது.

திரும்பி வந்ததும் துறையில் புது மோஸ்தர் பிறந்தது. கிரேக்கத்தில் வாங்கிய வைக்கோல் தொப்பியை இயக்குநர் ஆபீசிலும் போட்டுக்கொண்டார். மறுவாரம் கணேஷ்ராமும் ஒன்று போட்டுக்கொண்டார். மாசக் கடைசியில் டெஸ்பாட்ச் கிளார்க்கும் போட்டுக்கொண்டு, மின்விசிறிக் காற்றில் அது பறந்துவிடாமல் ஒரு கையால் பிடித்தபடி மறுகையால் தபாலுக்கு முத்திரை குத்தினார். யார் எதைக் கேட்டாலும் "கிரேக்கத்துல இப்படியில்ல" என்பதே பதில்.

கீழப்படுகையில் புரட்டாசியில் வேலை தொடங்கியது. முதலில் கூரை போயிற்று. தூண்களில் பன்னிரண்டை உருட்டினார்கள், நான்கை வெவ்வேறு உயரத்தில் உடைத்து நிறுத்தினார்கள். இரண்டு தூண்கள் ஒரே உயரத்தில் அமைந்துவிட்டதைப் பொறியாளர் கண்டுபிடித்து, தரக்குறைவான வேலை என்று ஒப்பந்தக்காரரைக் கண்டித்தார். பிறகு சுற்றிலும் கம்பி வேலி, டிக்கெட் கூண்டு, 'தொன்மை வாய்ந்தது, தொடாதீர்' என்று பலகை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அருணாசலம் பயந்து பயந்து ஊருக்குப் போனார். அடி நிச்சயம் என்று எண்ணிப் பிரம்மநாயகியை முன்னால் நடக்கவிட்டார். ஆனால் படித்துறையில் கூட்டம் அலைமோதியது. மேலப்பாளையத்திலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்திருந்தார்கள். தூணுக்கு முன் நின்று எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஊர்க்காரர்கள் பனையோலைத் தொப்பி விற்றார்கள். அதன் பெயர் கிரேக்கத் தொப்பி.

மைதீன் ஓடி வந்து அருணாசலத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, ஊரு இப்பத்தான் ஊரா ஆயிருக்கு! எதிர்க்கரைக்காரன் வந்து நிக்கான் பாருங்க. அவங்க கோயில் முன்மண்டபம் கெட்டியா நிக்குதாம். ஒங்க தயவுல அதையும் இடிச்சுத் தரணுமாம்."

அருணாசலம் மார்பை நிமிர்த்தினார். பிரம்மநாயகி மட்டும் படித்துறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளித்து ஏறிய பெண்கள் ஈரச்சேலையோடு டிக்கெட் கூண்டின் பின்னால் ஒருத்தியை ஒருத்தி மறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"அவுகளுக்கு எங்கன போக்கிடம்?" என்று கேட்டாள்.

பதில் சொல்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஜனங்கள் பழக்கத்தில் மண்டபத்துக்கு ஓடினார்கள். அங்கே வானம்தான் கூரை. உடனே மைதீன் கடைக்குப் பாய்ந்தார்கள். ஆண்கள் முதலில் ஓடிவந்ததால் கடை நிறைந்துவிட்டது. நனைந்த தலையைத் துவட்டியபடி எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "மழைக்கு ஒதுங்க இங்கன ஒரு மண்டபம் வேணும்வே. பதினாறு கால் வச்சு."

"மனு கொடுத்திரலாம்," என்றார் அருணாசலம். "ஆனா இயக்குநர் ஐயா, மழைக்கு எப்படி ஒதுங்குதாங்கன்னு முதல்ல ஏதாவது ஒரு நாட்டுல போய்ப் பாத்துட்டு வரச் சொல்லுவாரு."

உடனே மைதீன் கேட்டார்: "இந்தத் தடவ ஊர் சார்புலயும் ஆள் வரலாமா அண்ணாச்சி?"

அவ்வளவுதான். லண்டன் என்றான் ஒருவன், மழைக்குச் சிங்கப்பூர்தான் என்றான் இன்னொருவன். கொடைக்கு முதல் மரியாதை வாங்குகிற வீட்டுக்காரர், விமானத்திலும் முதல் இருக்கை தனக்குத்தான் என்று துண்டை உதறினார். எதிர்க்கரைக்காரர்கள் தங்களுக்கும் ரெண்டு இடம் கேட்டார்கள். அருணாசலம் பேனாவை எடுத்து, பதவி வரிசைப்படி பெயர்களை எழுத ஆரம்பித்தார்.

வெளியே பிரம்மநாயகியும் மற்றப் பெண்களும் மழையில் நின்றார்கள். "கொஞ்சம் நவுந்து எடம் விடுங்கய்யா," என்று அவள் ரெண்டு தரம் சொன்னாள். உள்ளே விமானத்தில் ஜன்னலோரம் யாருக்கு என்று சண்டை நடந்துகொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.