வெங்கடபதி மீசையைப் பந்தயம் வைத்த கதை

டைம் ஆபீஸ் கிளார்க் வெங்கடபதி, ஆடி மாதம் முதல் வெள்ளிக்கிழமை, மில் கேன்டீனில், நாற்பது பேர் காது கேட்கத் தன் மீசையைப் பந்தயம் வைத்தார்.

சும்மா வைக்கவில்லை. ஸ்பின்னிங் ஷெட்டில் ஒரே மாதத்தில் இரண்டு பேர் ஓடுகிற பெல்ட்டுக்கு வேட்டியைக் கொடுத்துவிட்டு, இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஆளுக்குச் சேதமில்லை, வேட்டிக்குத்தான் சேதம். ஆனாலும் மானேஜர் பயந்துவிட்டார். 'ஜாக்கிரதை' என்று எழுதி மாட்டினால் அந்தப் பலகை மேலேயே துண்டைக் காயப்போடுகிற ஊர் இது. அதனால் படம் வேண்டும் என்றார். அஜாக்கிரதையான ஆள் எப்படி இருப்பான் என்று பார்த்த மாத்திரத்தில் விளங்க வேண்டும். மில்லில் இருப்பவர்களோ, அவர்கள் வீட்டாரோ, யார் வேண்டுமானாலும் வரைந்து கொடுக்கலாம். நல்ல படமாக ஒன்றை எடுத்து ஆயுத பூஜை அன்று ஷெட் வாசலில் மாட்டுவார்கள்.

"நான் வரையறேன்" என்றார் வெங்கடபதி.

தபால் பிரிக்கிற சுப்பையன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான். "நீங்க போடற கையெழுத்தே என்னன்னு எங்களுக்குப் புரியறதில்லீங்களே. படம் புரியுமுங்களா?"

நாற்பது பேரும் சிரித்தார்கள். வெங்கடபதிக்குச் சுருக்கென்றது. "ஆயுத பூசையன்னிக்கு நான் வரைஞ்ச படம் ஷெட்டு வாசல்ல தொங்கும். தொங்கலீன்னா இந்த மீசைய எடுத்துப்போடறேன்" என்றார்.

அந்த மீசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமான வாரம் வளர்க்க ஆரம்பித்தது, ஒன்பது வருஷமாகிறது. அதற்கென்று தனிச் சீப்பு, தனி எண்ணெய். அவர் மனைவி ராமாமணி, குழம்பில் பாதி அதற்குத்தான் போகிறது என்று ஒன்பது வருஷமாக அதை எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். தலை போனாலும் மீசை போகாது என்பது அவர் கட்சி.

வரைகிறேன் என்று சொல்லியாகிவிட்டது. வரையத் தெரிய வேண்டுமே. வாரப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. மதராஸில் ஒரு தபால் சித்திரப் பள்ளி. பாடம் தபாலில் வரும். வரைந்து அனுப்பினால் வாத்தியார் சிவப்பு மசியில் திருத்தி அனுப்புவார். மூன்றே மாதம். ஆனால் ஒரு சிக்கல். அவர் குடியிருக்கும் மில் லைன் வீடுகளுக்கு வரும் தபாலெல்லாம் முதலில் சுப்பையன் கைக்குத்தான் போகும். வெங்கடபதி அரிச்சுவடியிலிருந்து கற்கிறார் என்று தெரிந்தால் சாயங்காலத்துக்குள் சிங்காநல்லூர் முழுக்கத் தெரிந்துவிடும்.

வெங்கடபதி இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் மூளை வேலை செய்தது. பள்ளியில் ராமாமணியின் பெயரைப் பதிவு செய்துவிட்டார்.

"ஏனுங்க, எம்பேர்லயா?" என்றாள் ராமாமணி.

"பேருதான் உன்னுது. படிப்பு என்னுது."

"திருத்தி வர்ற கடுதாசி?"

"அதும் என்னுது."

"அப்ப எனக்கு என்னங்க வேலை?"

"நிக்கறது" என்றார் வெங்கடபதி. "குடத்த இடுப்புல வெச்சுட்டு அப்படியே நில்லு. அசையாதே."

அவள் நின்றாள். அடுப்பில் அவரைக்காய் அடிப்பிடித்தது. "அசையாதே" என்றார். பால்காரர் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார். "அசையாதே" என்றார். முக்கால் மணி நேரம் கழித்துத் தாளைத் திருப்பிக் காட்டினார்.

ராமாமணி பார்த்தாள். கொஞ்சம் தள்ளி வைத்தும் பார்த்தாள். "இது நானுங்களா?"

"பின்னே?"

"எனக்கு எப்பங்க ஆறு வெரலு வந்துது?"

"அது நெழலு. கலைக்கண்ணு வேணும் அம்மணி, இதெல்லாம் புரியறதுக்கு."

இந்தத் தம்பதி வீட்டுக்குள் தெலுங்குதான் பேசுவார்கள். வாக்குவாதம் முற்றினால் மட்டும் தமிழுக்கு மாறிவிடுவார்கள். அக்கம்பக்கத்துக்கும் நியாயம் தெரிய வேண்டாமா. ஆறு விரல் விவகாரம் முழுக்க முழுக்கத் தமிழில் நடந்தது. கடைசியில் மதிலுக்கு அந்தப்பக்கத்திலிருந்து அடுத்த வீட்டுச் சென்னியம்மாள் குரல் வந்தது. "அஞ்சு வெரலுதானுங்க அவளுக்கு. நானே பார்த்திருக்கறேன்."

பதினைந்து நாளில் முதல் கடுதாசி வந்தது. சுப்பையன், "உங்க ஊட்டுல அம்மா படம் கத்துக்கறாங்களாட்டம் இருக்குது" என்று சொல்லிக் கொடுத்தான். வெங்கடபதி அலட்சியமாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டமாக வந்து பிரித்தார்.

'அன்புள்ள சகோதரிக்கு, தங்கள் படம் கிடைத்தது. இரண்டு உருவங்களில் எது அம்மாள், எது குடம் என்று குறிப்பிட்டு எழுதவும். கண் மூக்கிலேயே பொழுதைக் கழிக்க வேண்டாம். ஆள் எப்படி நிற்கிறார், பாரம் எந்தக் காலில் இறங்குகிறது, அதை முதலில் பிடியுங்கள். ஒரே ஆளை இருபது தடவை வரைந்து இருபது தாளையும் அனுப்புங்கள். குறை சொல்லக்கூடியவர் யாரிடமாவது காட்டுங்கள். அவர் சிரித்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.'

"கிறுக்குப் புடிச்ச வாத்தியாரு" என்றார் வெங்கடபதி.

ராமாமணி கடுதாசியை வாங்கி இரண்டு தடவை படித்தாள். "அவரு சொல்றது சரிதானுங்களே. குடம் எடது இடுப்புல இருந்தா எடது காலு ஊனும், ஒடம்பு வலப்பக்கம் சாயும். நீங்க ரெண்டு காலையும் கட்டில் காலாட்டம் நட்டு வெச்சிருக்கறீங்க."

"நீ நிக்கற வேலைய மட்டும் பாரு."

இருபது தாளில் ஆறு வரைந்ததும் அவருக்கு மணிக்கட்டு வலி வந்துவிட்டது. "மிச்சத்துக்கு வெத்துத் தாள வெச்சு அனுப்பிப்போடு. எண்ணியா பார்க்கப் போறான்?"

"சரீங்க" என்றாள் ராமாமணி.

ஒன்பது வருஷக் குடித்தனத்தில் அவள் மறுபேச்சில்லாமல் சரீங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வெங்கடபதி சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

அடுத்த கடுதாசியை அவர் சாப்பிடும்போது ராமாமணியே படித்துக் காட்டினாள். "'சகோதரியின் கை திறந்துவிட்டது. நிற்பதிலும் உட்காருவதிலும் உயிர் இருக்கிறது.' இப்படி எழுதியிருக்கறாருங்க."

ரசம் மீசையில் சொட்ட வெங்கடபதி நிமிர்ந்தார். "பாத்தியா? தாளு எங்கே?"

"நல்லா வந்ததெல்லாம் மத்த புள்ளைங்களுக்குக் காட்டறதுக்கு வெச்சுகிட்டாராமுங்க."

அன்றிலிருந்து அவரைப் பிடிக்க முடியவில்லை. வரைவது குறைந்தது, பேச்சு கூடியது. சாயங்காலம் வந்து நாற்காலியில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, இடது கையால் மீசையைத் தடவிக்கொண்டு, கலை என்றால் என்ன என்று விளக்குவார். எதிரே ராமாமணி மடியில் முறத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்ப்பதும், முறத்தைக் குனிந்து பார்ப்பதுமாக இருப்பாள். இவ்வளவு கவனமாகத் தன் பேச்சை யாரும் கேட்டதில்லை என்று அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

"கட்டை வெரலு ஏன் கருப்பா இருக்குது?" என்று ஒருநாள் கேட்டார்.

"அடுப்புக்கரிங்க."

மூன்றாம் கடுதாசி இன்னும் பிரமாதமாக இருந்தது. 'ஆளின் குணமே தெரிகிறது. ஓயாமல் பேசுகிறவர் போலும்.' வெங்கடபதி தொடையைத் தட்டினார். "உன்னத்தான் வரைஞ்சேன். நீ வாயாடின்னு மதராஸ்ல இருக்கறவனுக்குத் தெரியுது பாரு. அதாம் புள்ள கோடு."

"ஆமாங்க" என்றாள் அவள், முறத்தைப் பார்த்தபடியே.

புரட்டாசி வந்தது. வெங்கடபதி மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெஷின் பக்கத்தில் ஓர் அஜாக்கிரதையான ஆளை வரைந்து, உறையில் போட்டு மானேஜர் அறைப் பெட்டியில் தன் கையாலேயே போட்டார். அன்று சாயங்காலம் ராமாமணியும் சேலையை மாற்றிக்கொண்டு மில் பக்கம் போய் வந்தாள். கேட்டதற்குக் கோயிலுக்கு என்றாள். கோயில் எதிர்த் திசையில் இருப்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

ஆயுத பூஜை அன்று மெஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்து, வாழைக்கன்று கட்டி, லைன் வீட்டுப் பெண்டு பிள்ளைகளெல்லாம் பொரி கடலை வாங்க வந்திருந்தார்கள். ஷெட் வாசலில் துணி போட்டு மூடிய படம். வெங்கடபதி புது வேட்டி கட்டி, மீசைக்கு இரண்டு தடவை எண்ணெய் போட்டு, முன் வரிசையில் நின்றார். சுப்பையன் பக்கத்தில் வந்து, "நாவிதரை வரச்சொல்லட்டுங்களா?" என்றான். "பொறு" என்றார் வெங்கடபதி.

மானேஜர் துணியை இழுத்தார்.

ஷெட்டே குலுங்கிச் சிரித்தது. வேட்டியைப் பறிகொடுத்த இருவரும்தான் அதிகமாகச் சிரித்தார்கள். படத்தில் ஓர் ஆள். கழுத்தைப் பின்னால் திருப்பி யாருக்கோ உபதேசம் செய்கிறார். இடது கை மீசையில். ஒரு கால் மடங்கி, பாரமெல்லாம் மற்றக் காலில். வேட்டித் தலைப்பு முன்னால் ஓடும் பெல்ட்டுக்கு அரை அங்குலத்தில். அடியில், 'பேச்சு பின்னாலே, ஆபத்து முன்னாலே'. மொத்தம் பதினைந்து கோடுகூட இருக்காது. ஆனால் கைக்குழந்தை ஒன்று படத்தைக் காட்டி, பிறகு வெங்கடபதியைக் காட்டியது.

"இத வரைஞ்சது நம்ம டைம் ஆபீஸ் வெங்கடபதி..." என்று மானேஜர் ஆரம்பித்தார். வெங்கடபதி கைகூப்பிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார். "...சம்சாரம், ராமாமணி அம்மா." வெங்கடபதி கூப்பிய கையோடு நின்றார்.

மானேஜர் நல்ல மனுஷர், அவரையும் விட்டுவிடவில்லை. "நீங்களும் குடுத்திருந்தீங்களே. மெஷின் ரெண்டும் அச்சு அசலா வந்திருக்குது. பக்கத்துல ஒரு ஆளையும் போட்டிருக்கலாம்."

அதில் ஒன்று ஆள்தான் என்று சொல்ல வாயெடுத்த வெங்கடபதி, மூடிக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் லைன் முனை திரும்பியதும், "எப்பக் கத்துகிட்டே?" என்றார்.

"உங்க பாடந்தானுங்க. எம்பேர்ல வந்துது, படிச்சேன். இருபது தாளு கேட்டிருந்தாரு. பதினாலு வெத்துத் தாள அனுப்ப மனசு கேக்கலீங்க. நீங்களும் எதுத்தாப்புல உக்காந்து பேசிட்டே இருந்தீங்க."

"அந்தக் கை திறந்துது, உயிர் இருக்குதுன்னு எழுதினதெல்லாம்?"

"அந்தப் பதினாலுக்குங்க. உங்க ஆறையும் மறந்துபோடச் சொல்லி எழுதியிருந்தாரு. சாப்பிடறப்ப அதப் படிப்பாங்களா?"

வெங்கடபதி கொஞ்ச தூரம் நடந்தார். "கட்டுன புருசன ஊரு சிரிக்க வரையலாமா?"

ராமாமணி குரல் இறங்கியது. "சிரிக்கறதுக்கு வரையலீங்க. பதினாலு தடவ ஒரே ஆளையே பார்த்தா, அந்த ஆளு ரொம்பப் புடிச்சுப்போயிருதுங்க. பதினொண்ணாவது தாளுக்கு மேல உங்களப் பார்க்காமயே கையி வரைஞ்சுபோட்டுது."

இதற்கு எப்படிக் கோபப்படுவது? அவருக்கு வெட்கமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வீடு வரும்வரை இரண்டையும் மீசைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தார்.

பந்தயம் ஒன்று மிச்சமிருந்தது. அன்று படுத்துக்கொண்டே கணக்குப் போட்டதில் அவருக்கு மறுபடி மூளை வேலை செய்தது. படத்திலிருப்பது யாரென்று ஊர் எதை வைத்துக் கண்டுபிடித்தது? மீசையை வைத்து. மீசை போனால் சுப்பையனுக்குக் கொடுத்த வாக்கும் நிறைவேறும், படத்திலிருப்பவர் யாரோ என்றும் ஆகிவிடும். விடிந்ததும் முதல் ஆளாக நாவிதரிடம் போய் உட்கார்ந்தார். கண்ணாடியில் பார்த்தபோது ஒன்பது வருஷத்துக்கு முந்தைய மாப்பிள்ளை மாதிரிதான் இருந்தது. விசில் அடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

ராமாமணி, விடியற்காலையில் சுப்பையன் கொடுத்துவிட்டுப் போன இரண்டு கடுதாசியோடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

"எப்படி?" என்று முகத்தை இப்படியும் அப்படியும் காட்டினார் வெங்கடபதி. "இனி உன் படத்துக்கு ஆளு கெடைக்காது."

அவள் வெகு நேரம் அவரைப் பார்த்தாள். கண் ஓரத்தில் சிரிப்பு வந்தது. "மானேஜரு எழுதியிருக்கறாருங்க. அதே ஆள வெச்சு மாசத்துக்கு ஒண்ணா பன்னெண்டு படம் வேணுமாம், மில்லு காலண்டருக்கு. வாத்தியாரு கடுதாசியும் வந்திருக்குது. மீசைக்குப் பின்னால ஒளிஞ்சுக்காதே, வாயி வரையப் பழகுன்னு எழுதியிருக்கறாரு. மீசைய எடுங்கன்னு உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு விடிஞ்சதுல இருந்து யோசிச்சுட்டே இருந்தேன்."

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து, முறத்தை எடுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, பென்சிலை நிமிர்த்தினாள்.

"இருபது தாளுங்க. அசையாதீங்க."