மனசு லேசாக ஒரு மேஜை

வைத்தியர்களில் பலவகை உண்டு. நாடி பிடிப்பவர், ஊசி போடுபவர், நாக்கை நீட்டச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்ப்பவர் என்று எல்லோரையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தவர் இவர்களில் சேர்த்தி இல்லை. அவருக்குப் படிப்பு வேண்டாம், வாசலில் பெயர்ப்பலகை வேண்டாம், சில சமயம் நோயாளிகூட வேண்டாம். நாலு நாற்காலி போட்ட ஒரு மேஜையும், அதைத் துடைக்க ஓர் ஆளும் இருந்தால் போதும். மேஜை வைத்தியர் என்று இவருக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன்.

வீட்டில் ஒருவர் முகம் வாடிக் கிடக்கிறது என்று வையுங்கள். உங்களையும் என்னையும் போன்ற சாதாரண மனிதர்கள் என்ன செய்வோம்? "என்ன ஆச்சு?" என்று கேட்போம். மேஜை வைத்தியர் கேட்க மாட்டார். கேட்டால் பதில் வந்துவிடும் அல்லவா? அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, வண்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு, "கெளம்புங்க, வெளிய போய்ச் சாப்பிட்டா மனசு லேசாயிடும்" என்பார். வேலை போனவருக்கும் இதே மருந்து, காதல் போனவருக்கும் இதே மருந்து, மாமியாரோடு பேச்சுவார்த்தை முறிந்தவருக்கும் இதே மருந்து, ஒரு குறையும் இல்லாமல் சும்மா கொட்டாவி விட்டவருக்கும் இதே மருந்து. பத்தியம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். அதையும் அவரேதான் ஆர்டர் செய்வார்.

இந்த ஞானம் அவருக்கு எங்கிருந்து வந்தது? முடிவெட்டும் கடையில் காத்திருந்தபோது, அட்டை கிழிந்த ஒரு பத்திரிகையில், வெளியே போய் நாலு பேரோடு சேர்ந்து சாப்பிடுவது மனத்துக்கு நல்லது என்று படித்தாராம். கட்டுரை தப்பென்று நான் சொல்ல மாட்டேன். யாரோ சமைத்து, யாரோ கொண்டுவந்து வைத்து, பாத்திரம் கழுவுகிற நினைப்பே இல்லாமல் வேண்டியவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் யாருக்கும் மனம் கொஞ்சம் இளகத்தான் செய்யும். ஆனால் நம்மவர் பாதி படித்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலி காலியாகி, அவருடைய முறை வந்துவிட்டது. மீதியை அவர் இன்றுவரை படிக்கவில்லை.

எங்கள் கட்டடத்திலேயே அப்படி ஒருவர் இருக்கிறார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வருகிறவர்களை உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு வில்லையாக மாற்றி, "இது தெளிவா இருக்கா? இல்ல, இதுவா?" என்று கேட்டுக் கேட்டு அவருக்கு உலகமே இந்த இரண்டு கேள்விக்குள் அடங்கிவிட்டது. காய்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கும்போதும் இதைத்தான் கேட்பார். மனைவி புதுப்புடவை கட்டி வந்து நின்றாலும் இதைத்தான் கேட்பார்.

அவரிடம் நான் மாட்டிக்கொண்டது என் பல்லால். கடைவாய்ப் பல் தெறிக்கிறது, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு படியேறிக்கொண்டிருக்கிறேன், எதிரே அவர் குடும்பத்தோடு இறங்கி வருகிறார். முன்னால் அவர். பின்னால் அவர் மனைவி. அவருக்கும் பின்னால் அவருடைய தங்கை, ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஒரு வாரமாக லீவு போட்டுவிட்டு அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அந்த ஒரு வாரமும் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள் என்று அவர் மனைவி என் வீட்டில் சொல்லியிருந்தார். மறுநாள் காலை வேலைக்குத் திரும்பவேண்டும், அல்லது வேலையே வேண்டாமென்று எழுதிக் கொடுக்கவேண்டும். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தால் இரண்டாவதுதான் நடக்கும்போல இருந்தது.

"சார், உங்க முகமே சரியில்லையே" என்றார் மேஜை வைத்தியர்.

"பல்லு…" என்றேன்.

"எல்லாம் மனசுல இருந்துதான் சார் வருது. வாங்க, சாப்பிடப் போறோம். என் தங்கச்சிக்காகத்தான். நாலாவது நாற்காலி சும்மாதானே கிடக்கும்?"

தப்பிக்க வழியிருந்ததா என்று கேட்காதீர்கள். என் முழங்கையை அவர் பிடித்திருந்தார்.

சிகிச்சை கதவைத் திறந்ததுமே தொடங்கிவிடும். முதலில் வாசலருகே உட்கார்ந்தோம். "இங்க பரவாயில்லையா?" என்றார். பதிலுக்கு முன்னால் எழுப்பி, மீன்தொட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். "இப்ப? முன்னாடியவிட லேசா இருக்கா?" மீன்கள் எங்களை ஒரு மாதிரிப் பார்க்கின்றன என்று அங்கிருந்தும் கிளப்பி, சுவரோர மேஜைக்குக் கொண்டுபோனார். தண்ணீர் டம்ளர்களை ஏந்திக்கொண்டு எங்கள் பின்னாலேயே அலைந்த பரிமாறுகிறவர், இனி எங்கும் போகமாட்டோம் என்று நிச்சயமாகிற வரை அவற்றைக் கீழே வைக்கவில்லை. விவரமான மனிதர்.

அடுத்தது மெனு அட்டை. நம் கையில் ஒன்று கொடுப்பார்கள். எதற்கு? வேடிக்கை பார்க்க. தங்கை ஏதோ ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"அது வேணாம்மா. எண்ணெய். மனசு மந்தமாயிடும்." பரிமாறுகிறவர் பக்கம் திரும்பினார். "அவளுக்குக் காளான் சூப். அப்புறம் வெந்த காய்கறி, மேல கொஞ்சம் வெள்ளைச் சாஸ். காரம் கூடாது. புரியுதா? ஒரு பொட்டு காரம் கூடாது. மிளகாய் இருக்கிற பக்கமே அந்தத் தட்டு போகக்கூடாது."

"சரி சார்."

"சாருக்கு…" என்று என்னைப் பார்த்தார். "கவலையா இருக்கிறவங்க நல்லாக் கடிச்சு மெல்லணும். நல்லா மொறுமொறுன்னு வறுத்த மீன்."

என் பல் அந்த வார்த்தையைக் கேட்டே ஒருமுறை துள்ளியது. மனைவியிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. அந்த அம்மாவும் எதிர்பார்க்கவில்லை.

இனி மேஜைச் சட்டம். இந்த இனத்தின் எல்லா ஆட்களிடமும் இந்தச் சட்டம் இருக்கிறது. சிலர் வாய்விட்டே சொல்வார்கள், சிலர் புருவத்தால் அமல்படுத்துவார்கள். நம்மவர் வாய்விட்டே சொன்னார். "கைப்பேசியெல்லாம் உள்ள வைங்க. மேஜையில கவலை பேசக்கூடாது. வேலைப் பேச்சு கூடாது. சந்தோஷமா இருக்கணும். மனசு விட்டுப் பேசுங்க."

மனதில் கவலைதான் இருக்கிறது, அதைப் பேசக்கூடாது, ஆனால் மனசு விட்டுப் பேசவேண்டும். எப்படி என்று நீங்களே சொல்லுங்கள்.

தங்கை தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அண்ணா, அன்னிக்கு வார்டுல…" என்று ஆரம்பித்தாள்.

"ஆ! சட்டம், சட்டம்!" என்று சிரித்தார் அவர். "சூப் வருது பாரு."

சூப் வந்தது. அவள் ஒரு ஸ்பூன் எடுத்துக் கீழே வைத்தாள். "இல்லண்ணா, ஒரு பெரியவர் இருந்தார்…"

"சூடு ஆறிடும்மா. முதல்ல சாப்பிடு." உடனே தன் கடையில் ஒருவர் பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு போய் அதையே மூக்கில் மாட்டிக்கொள்ளப் பார்த்த கதையைச் சொன்னார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்து முடித்ததும் மேஜையில் ஒரு மௌனம் வந்து உட்கார்ந்தது. அதைக் கண்டதும் மனிதர் பதறிப்போனார். உப்பை இந்தப் பக்கம் வைத்தார், அந்தப் பக்கம் வைத்தார், தங்கையின் சூப்பை எட்டிப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

அவர் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். இல்லவே இல்லை. அந்த ஒரு வாரமும் கடையைத் திறக்காமல் வீட்டிலேயே இருந்து, தங்கையைச் சிரிக்கவைப்பதற்காக எதிரேயே உட்கார்ந்திருந்தவர். அதனால்தான் வீட்டில் அவளும் அண்ணியும் தனியாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ள முடியவில்லை. கண்ணில் குறையென்றால் அவரிடம் மாட்டிவிட வில்லை இருக்கிறது. இந்தக் குறைக்குக் கடை முழுக்கத் தேடினாலும் ஒன்றும் கிடைக்காது என்று அவருக்குள் எங்கோ தெரிந்திருக்கிறது. தங்கை வாயைத் திறந்து சொல்லிவிட்டால், பதில் இல்லாமல் அவர் உட்கார்ந்திருக்கவேண்டும். அதற்குத்தான் பயம். அதற்குத்தான் சூப்.

கூரையைப் பார்த்தவருக்கு அங்கே ஒரு ஒலிபெருக்கி கண்ணில் பட்டது. "அதானே பார்த்தேன்! இந்தப் பாட்டுதான் கெடுக்குது. இது மனசுக்கு ஆகாத பாட்டு. இருங்க, மாத்தச் சொல்றேன்" என்று எழுந்து, அறையின் அந்தக் கோடியில் கல்லாவில் இருந்தவரிடம் போனார்.

அவர் முதுகு திரும்பியதுதான் தாமதம், அண்ணி நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார். "இப்பச் சொல்லு" என்றார்.

"ராத்திரி ட்யூட்டி அண்ணி. ஒரு பெரியவர். தண்ணி கேட்டார். பக்கத்துக் கட்டில்ல ஒருத்தருக்கு மூச்சுத் திணறல். இதோ வரேன்னு சொல்லிட்டு அங்க ஓடினேன். தண்ணி எடுத்துட்டுத் திரும்பி வரும்போது…"

அதற்குள் பாட்டு மாறியது. கல்லாவிலிருந்து மேஜை வைத்தியர் எங்களைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். இது பரவாயில்லையா?

அண்ணியும் நாத்தனாரும் அவரைப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். கன்னத்தில் கை வைத்தபடியே, இல்லை என்று தலையை ஆட்டினேன். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அவர் கல்லாக்காரர் பக்கம் திரும்பி வேறொன்றைப் போடச் சொன்னார்.

"தண்ணி கையிலேயே இருக்கு அண்ணி. அவர் இல்ல. கடைசியா கேட்டது ஒரு வாய் தண்ணி."

அந்த அம்மா, போகட்டும் விடு என்று சொல்லவில்லை. உன்மேல் தப்பில்லை என்றுகூட உடனே சொல்லவில்லை. "அப்புறம்?" என்றார்.

அடுத்த பாட்டு. புருவம். அதற்கும் தலையை ஆட்டினேன். வீணை வந்தது, வேண்டாமென்றேன். புல்லாங்குழல் வந்தது, முகத்தைச் சுளித்தேன். வாழ்நாளில் இவ்வளவு சங்கீதத்தை நான் நிராகரித்ததில்லை. கல்லாக்காரர் என்னை ஒரு பெரிய வித்துவான் என்று நினைத்திருப்பார்.

"எப்படி இருந்தார் அந்தப் பெரியவர்?" என்று அண்ணி கேட்டார்.

"என்னை டீச்சர்னு கூப்பிடுவார். நர்ஸ்னு எத்தனை தடவை சொன்னாலும், சரிங்க டீச்சர்ம்பார்." அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. இரண்டையும் தடுக்காமல் விட்டாள். அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பக்கத்துக் கட்டில்காரர்?" என்று கேட்டார்.

"பிழைச்சுட்டார்."

வெந்த காய்கறி வந்தது. அவள் கண்ணைத் துடைக்காமலே, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். பிறகு இன்னொரு வாய். அந்த ஒரு வாரத்தில் முதல்முறையாக அவள் பசித்துச் சாப்பிட்டதை நான் பார்த்தேன் என்று என்னால் சத்தியம் செய்யமுடியும்.

அந்த நேரம் பார்த்துத்தானா அவர் திரும்பி வரவேண்டும்?

தங்கையின் கன்னத்தில் கண்ணீரைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். கண் பரிசோதிக்கிறவர் அல்லவா? நொடியில் நோயைக் கண்டுபிடித்துவிட்டார்.

"காரம்!" என்று கத்தினார். "தலைதலையா அடிச்சுக்கிட்டேனே, ஒரு பொட்டு காரம் கூடாதுன்னு! யாருப்பா அங்க? இதை எடு முதல்ல!"

பரிமாறுகிறவர் ஓடிவந்தார். "சார், அதுல மிளகாயே…"

"பொண்ணு கண்ணு கலங்கி உட்கார்ந்திருக்கா, மிளகாயே இல்லைங்கிறே?" என்று தட்டை அவரே பிடித்து இழுத்தார்.

தட்டு வரவில்லை. மறுபக்கம் தங்கை பிடித்திருந்தாள்.

"அண்ணா, தட்டை விடு."

"காரமா இருக்கும்மா…"

"நல்லாருக்கு. நான் சாப்பிடுறேன். விடு."

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. நோயாளிகள் கேட்டிருப்பார்கள். அவர் விட்டுவிட்டார். அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலைல கொஞ்சம் சீக்கிரம் எழுப்பிவிடுங்க அண்ணி, ட்யூட்டிக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள்.

மேஜை வைத்தியர் நாற்காலியில் மெல்லச் சாய்ந்தார். மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பரிமாறுகிறவரையும் மன்னித்துவிட்டுப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு ஒளி.

"பாத்தீங்களா?" என்றார். "காளான் சூப்!"

வறுத்த மீன் எதிரே இருந்தது. எனக்கு என் கவலை. அவர் மனைவி மட்டும் கணவரைப் பார்த்துச் சிரித்து, "ஆமாங்க, நல்ல சூப்பு" என்றார். அந்த அம்மாவுக்கு அவரை மிகவும் பிடிக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். எனக்கும் கொஞ்சம் பிடித்துப்போயிற்று. அதை அவரிடம் சொன்னால் அடுத்த வாரமும் கூட்டிக்கொண்டு போவார்.

இப்போது உங்களிடம் வருகிறேன். இவ்வளவு நேரமும் சிரித்துக்கொண்டே படித்தீர்கள், எங்கள் சித்தப்பா அப்படியே, எங்கள் மேனேஜர் அச்சுஅசல் இவர்தான் என்று இரண்டு மூன்று பேரை மனதில் நிறுத்தியும் விட்டீர்கள். நல்லது. அடுத்த முறை உங்களுக்கு வேண்டியவர்களை வெளியே அழைத்துப்போய், மேஜையைத் தேர்ந்தெடுத்து, அவரவருக்கு எது நல்லது என்று நீங்களே சொல்லி முடித்ததும், எனக்காக ஒரு காரியம் செய்யுங்கள். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போங்கள். போய், தூணோரமாக நின்று, உங்கள் மேஜையைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள்.

நீங்கள் எழுந்த பிறகுதான் அங்கே நாற்காலிகள் நெருங்கியிருக்கின்றன, பேச்சு தொடங்கியிருக்கிறது என்றால், பதற்றப்பட வேண்டாம். மெதுவாகவே கழுவுங்கள். சோப்பு போட்டு, இன்னொரு முறையும் கழுவுங்கள்.